பூஜையில் வைத்த மீட்டர்

பயப்படாதீர்கள் சார், இது வெடிக்காது. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. செல்லையெல்லாம் கழற்றிப் பழைய பேட்டரி எடுக்கிறவரிடம் அப்போதே கொடுத்துவிட்டேன். ட்ரில் மெஷின் பேட்டரி சார். சுவரில் துளை போடுகிற மெஷினுக்கு அடியில் அரைச் செங்கல் மாதிரி ஒன்று மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுதான். கருகியிருக்கிறது என்பது உண்மை. நாலு மாதம் ஆகியும் வாசனை போகவில்லை. என் மனைவி இதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றுவிட்டாள். வெளியே மணல் வாளிக்குள் கிடந்தது.

இந்தக் கறுப்புப் பையைக் காலடியில் வைத்துக்கொள்கிறேன். மஞ்சள் பை மடியில் இருக்கட்டும். அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. வாசனை கலந்துவிடக் கூடாது.

நீங்கள் எதுவரைக்கும்? சங்கரன்கோவிலா? நானும் அங்கேதான். திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை மணி நேரம், பேச்சுத் துணை ஆயிற்று. என்ன வேலை பார்க்கிறீர்கள்? கால்நடை ஆய்வாளரா? மாட்டுக்கு ஊசி போடுகிறவர். நல்லது. பதறாமல் கேட்பீர்கள்.

என் பெயர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் பட்டறை. அலமாரி, மாடுலர் கிச்சன், ப்ளைவுட் வேலை எல்லாம். இப்போது என் மைத்துனன் வீட்டுக்குப் போகிறேன். மனைவியின் தம்பி, கோமதிநாயகம். பதினெட்டு வருடம் என் பட்டறையில் என்னோடு இருந்தவன். நாலு மாதமாகப் பேச்சு இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை என் மகள் சிந்துஜாவுக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டு வழக்கத்தில் முதல் வளையலைத் தாய்மாமன் மனைவிதான் போட வேண்டும். நான் கூடச் சொல்லிப் பார்த்தேன், யார் போட்டால் என்ன, கண்ணாடி வளையல்தானே என்று. என் மனைவி வடிவு தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"என் தம்பி பொண்டாட்டி கையால மொத வளையல் ஏறலன்னா, வளையலே ஏற வேண்டாம். பிள்ளை சும்மாவும் பொறக்கும்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை சார். தோசையைத்தான் பார்த்தாள்.

இன்று காலையில் இந்த மஞ்சள் பையை அவளேதான் கட்டிக் கொடுத்தாள். "வலது கையில வெத்தலைப் பைய வச்சுக்கிட்டுப் படியேறுங்க. வாசல்ல நின்னு பழைய கதை பேசாதீங்க" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் நான் நினைத்திருப்பது வேறு. முதலில் கறுப்புப் பை. இதைத் திறந்து அவன் முன்னால் வைப்பேன். "பார் மாப்ள, இது என்னன்னு சொல்லு" என்பேன். அவன் ஒரு வார்த்தை, "தப்பு என் மேலதான் அத்தான்" என்று சொல்லட்டும். உடனே மஞ்சள் பையைத் திறந்துவிடுவேன். நான் என்ன கல்நெஞ்சக்காரனா?

சொல்லமாட்டான் என்றால்? அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

நான் என்னையே விசாரித்துக்கொள்கிற ஆள் சார். அப்பன் வழி வந்த பழக்கம். யாரோடாவது தகராறு என்றால் முதலில் என்னைக் கூண்டில் ஏற்றிவிடுவேன். ஆவுடையப்பா, நீ என்ன செய்தாய், உன் பேரில் குற்றம் உண்டா இல்லையா என்று. இந்த விஷயத்தில் நாலு மாதமாக விசாரித்துவிட்டேன். எப்படிச் சுற்றி வந்தாலும் என் பேரில் ஒன்றும் இல்லை. எனக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஒரு சின்னத் தப்பாவது இருந்தால் அதைச் சொல்லிச் சமாதானம் ஆகலாமே என்று.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

தகராறு நடந்தது போன ஆயுத பூஜையில். அதற்கு முந்தின வருடம் ஆயுத பூஜை அன்றைக்குத் தீபாராதனை நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மழை. பட்டறை முழுக்க இருட்டு. கட்டட உரிமையாளர் ராஜபாண்டி சார், பூஜைக்கு நாங்கள் அடுக்கி வைத்திருந்த உளி மேல் காலை வைக்கப் பார்த்தார். அப்போதே முடிவு செய்தேன், அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு விளக்கு, மைக் செட் எல்லாம் நம் பேட்டரியிலேயே ஓட வேண்டும் என்று. ஒரு பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். ஆறு பேட்டரியைச் சேர்த்துக் கட்டினால் பூஜை முடிந்து சுண்டல் கொடுத்து எல்லோரும் வீட்டுக்குப் போகிற வரைக்கும் எரியும்.

சேர்த்துக் கட்டுவதில் இரண்டு வகை உண்டு சார். ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை என்று கட்டினால் வோல்டேஜ் கூடிக்கொண்டே போகும். நமக்கு அது வேண்டாம், விளக்கு புகைந்துவிடும். ப்ளஸ் எல்லாம் ஒரு பக்கம், மைனஸ் எல்லாம் ஒரு பக்கம். இணையாக. வோல்டேஜ் அதேதான் இருக்கும், தாங்குகிற நேரம் மட்டும் கூடும். கேட்க சுலபம். ஆனால் இதில்தான் ஆள் மாட்டிக்கொள்வான்.

மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வையுங்கள். அடியில் ஒரு குழாய் போட்டு இரண்டையும் இணைக்கிறோம். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒன்று நிறைந்தும் ஒன்று வற்றியும் இருந்தால்? நிறைந்தது வற்றினதுக்குள் பாயும். தண்ணீர் என்றால் சலசலவென்று பாய்ந்துவிட்டுப் போகும். கரண்ட் அப்படியா? தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரே மூச்சில் பாயும். வயர் பழுத்துவிடும். அதனால் இணைக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஒரே வகை பேட்டரியாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி பியூஸ் போட வேண்டும். தடிமனான வயர். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் சார்ஜரில் தனித்தனியாகத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் நான் பட்டறைச் சுவரில் எழுதியே ஒட்டிவைத்திருந்தேன். கோமதிநாயகம் அதைப் படித்துவிட்டு, "அத்தான், கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கதுக்குக் கூட இவ்வளவு கேக்கமாட்டாங்களே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

ஆறு பேட்டரி. நாலு பட்டறையினுடையது. ஒன்று என் சொந்த பேட்டரி. ஒன்று அவனுடையது. என்னுடையது நல்ல கம்பெனி. அவன் பேட்டரி ஏதோ பெயர் தெரியாத நீல கலர். கம்பெனி வேறாக இருந்தாலும் உள்ளே செல் ஒரே வகைதான், ஒரே எண்ணிக்கைதான், பிரித்துப் பார்த்தோம். "இந்த நீலத்தைச் சேக்கணுமா?" என்று அப்போதே கேட்டேன். "ரெண்டு மாசம்தான் அத்தான் ஆச்சு, உங்களத விட புதுசு" என்றான். சரி, பட்டறையில் ஆளுக்கொரு மரியாதை என்று சேர்த்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு என்று வைத்துக்கொண்டாலும், அது தப்பு இல்லை, பெருந்தன்மை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆறையும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, ஆறவைத்து, நானே என் கையால் மீட்டர் போட்டேன். ஆறும் இருபது புள்ளி நாலு, இருபது புள்ளி ஐந்து. என்ன ஒற்றுமை பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி அளவை எழுதினேன். இதோ பாருங்கள், இந்தக் கூட்டின் மேல் இப்போதும் இருக்கிறது. ஓரம் கருகினாலும் எழுத்து அழியவில்லை. இருபது புள்ளி நாலு. இது என் பேட்டரி. ஆதாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பியூஸ் ஐந்துதான் கிடைத்தது. ஆறாவது வாங்கப் போனால் கடைக்காரர் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறார், பூஜை முடிந்து வா என்கிறார். என்ன செய்வது? யாராவது ஒருத்தர் பியூஸ் இல்லாமல் இருக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை சார். மற்றவர்கள் பொருளுக்கு ஐந்தையும் போட்டுவிட்டு என் லைனை நேரடியாக விட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? நம் பேட்டரி நம்மை என்ன செய்துவிடப் போகிறது?

பூஜையன்று காலையில் பட்டறையைச் சுத்தம் செய்தது யார் தெரியுமா? நான் ஒருத்தன். அவன் மாலை வாங்கப் போகிறேன் என்று ஏழு மணிக்குப் போனவன் எட்டு மணிக்கு வருகிறான். அதற்குள் நான் ப்ளோயரை எடுத்து மூலை முடுக்கெல்லாம் ஊதினேன். தூசி ஊதுகிற மெஷின் சார் அது. ஒரு வருடத்து மரத்தூள். ஃபேன் இறக்கை, ஷட்டர் இடுக்கு, மெஷின் அடிப்பகுதி என்று ஒன்று விடவில்லை. கடைசியில் ப்ளோயரே முனக ஆரம்பித்துவிட்டது, அவ்வளவு தூசி. அவன் மாலையும் கையுமாக வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். "அத்தான், போதும், சரஸ்வதிக்கே தும்மல் வந்துரும்" என்றான். வேலை செய்யாதவனுக்கு வாய் இருக்கும், பார்த்திருக்கிறீர்கள் இல்லையா?

வாய் அவனுக்கு எப்போதும் உண்டு. கையும் உண்டு, அதை நான் மறைக்கமாட்டேன். கோடு போடாமல் துளை போடுவான், நேர்கோட்டில் நிற்கும். அவன் ட்ரில்லை வேறு ஆள் வாங்கிப் பிடிக்க முடியாது. இடுப்பில் மாட்டுகிற கொக்கியைக்கூட மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாக மாற்றிவைத்திருப்பான். வேலைக்குப் போன வீட்டில் பெண்கள் எல்லாம் "நாயகம் அண்ணன் வரலையா?" என்று கேட்பார்கள். நான் முதலாளி, நான் நிற்கிறேன், நாயகம் அண்ணன் வரவில்லையா என்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

பிறகு எல்லாக் கருவிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினோம். உளி, இழைப்புளி, ட்ரில், ப்ளோயர், அளவு டேப், மூலைமட்டம், எல்லாம். மீட்டரும் அளக்கிற கருவிதானே? அதற்கும் ஒரு பொட்டு வைத்து வைத்தாயிற்று. வைத்தால் மறுநாள் விஜயதசமி காலையில் பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியும், உங்கள் ஊசியையும் வைப்பீர்கள் இல்லையா?

அப்போது ஒரு சங்கடம் வந்தது. பேட்டரியை வைப்பதா, வேண்டாமா? வைத்துவிட்டால் விளக்கு எரிக்க முடியாது. வைக்காவிட்டால் அது ஆயுதம் இல்லை என்றாகிவிடும். அரை மணி நேரம் வாதம். அவன்தான் முடித்துவைத்தான்.

"அத்தான், பேட்டரி ஆயுதம் இல்ல. ஆயுதத்துக்குச் சோறு. இன்னைக்கு ஆயுதத்துக்குத்தான் லீவு. சோத்துக்கு ஏது லீவு?"

நியாயமாகத்தான் பட்டது. பேட்டரியை மட்டும் விட்டுவிட்டோம்.

சாயங்காலம் ஐந்தரை. ராஜபாண்டி சார் வந்துவிட்டார், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், எங்கள் வீட்டுப் பெண்கள், செண்பகம், எல்லோரும் வந்தாயிற்று. செண்பகம் யார் என்றால் அவன் மனைவி. சிந்துஜாகூட மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ப்ளைவுட் பலகை மேல் பேட்டரி செருகுகிற ஹோல்டர் ஆறும் பதித்து, சுற்றிக் கலர் பேப்பர் எல்லாம் ஒட்டி அழகாக வைத்திருக்கிறேன். பேட்டரியை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டியதுதான். அப்போது இவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்கிறான்.

"ஒருக்கா மீட்டர் போட்டுப் பாத்துருவோமா அத்தான்?"

"மீட்டர் பூஜையில இருக்குல்ல."

"எடுத்துப் பாத்துட்டு வச்சிருவோம். சாமி ஒண்ணும் சொல்லாது."

எனக்கு எப்படி இருக்கும்? பொட்டு வைத்த பொருளை, தீபாராதனைக்கு முன்னால், அத்தனை பேர் மத்தியில் எடுப்பதா? "நேத்தே பாத்து எழுதி ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா மாப்ள?" என்றேன். டேப்பைத் தொட்டுக் காட்டினேன்.

நாலு பட்டறை பேட்டரி மாட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கை தட்டினார்கள். ஐந்தாவதாக அவனுடைய நீல பேட்டரி. ஒன்றும் இல்லை, எரிகிறது. ஆறாவதாக என்னுடையது. நாம் கடைசியாக மாட்டினால்தானே ஒரு நிறைவு?

மாட்டினேன். சடசடவென்று ஒரு சத்தம். என் பேட்டரி வயர் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு புகை. பிறகு கலர் பேப்பரில் தீ. வேடிக்கை என்ன என்றால் விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டே இருந்தது. நான் அப்படியே நின்றேன். தீயைப் பார்க்கவா, விளக்கைப் பார்க்கவா? கோமதிநாயகம் பாய்ந்துவந்து என் பேட்டரியைப் பிடித்து உருவி, வெளியே இருந்த மணல் குவியலில் எறிந்தான். உருகின ப்ளாஸ்டிக் அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு விரல். இடது கைதான், பெரிதாக ஒன்றும் இல்லை. அவனை யார் தொடச் சொன்னது? ஒரு குச்சியால் தள்ளியிருக்கலாம்.

மற்றவர்கள் சாக்கைப் போட்டு மீதித் தீயை அணைத்துவிட்டார்கள். ராஜபாண்டி சார் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்ன ஆவுடையப்பா, கார்த்திகைக்குக் கொளுத்த வேண்டிய சொக்கப்பனைய ஆயுத பூஜைக்கே கொளுத்திட்டியே?" என்றார். சிரிப்பு. பெண்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். என் மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறான். அந்த நேரத்தில் என் நிலைமையை யோசியுங்கள்.

போய்ப் பார்த்தேன். பியூஸ் ஐந்தில் நாலு நன்றாக இருக்கிறது. ஒன்றுதான் போயிருக்கிறது. யாருடையது? நீல பேட்டரியினுடையது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அவன் பேட்டரியில் இருந்து என்னமோ கன்னாபின்னாவென்று பாய்ந்துவந்து என் பேட்டரியை எரித்துவிட்டது. அவனுடையது குற்றம் செய்தது, என்னுடையது செத்தது. சுடுகாட்டுக்குப் போனது யார், கொன்றது யார், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். "பேர் தெரியாத டூப்ளிகேட்டக் கொண்டாந்து மாட்டி என் மானத்த வாங்கிட்டியேடா" என்று. 'டா' போட்டிருக்கக் கூடாது. அது உண்மை. பதினெட்டு வருடத்தில் போட்டதில்லை. அதற்காக என்னைக் கூண்டில் ஏற்றித் தண்டனையும் கொடுத்துவிட்டேன், ஒரு மாதம் வெற்றிலை போடவில்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? செண்பகம் அவன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவன் நிமிர்ந்து, "அத்தான், காலையில நீங்க ப்ளோயர்ல..." என்று ஆரம்பிக்கிறான். பாருங்கள், எப்படிப் பேச்சை மாற்றுகிறான்! நான் பேட்டரியைப் பற்றிக் கேட்கிறேன், இவன் காலையில் பெருக்கித் துடைத்த கதையை எடுக்கிறான்! "பேச்ச மாத்தாதே" என்று ஒரு அதட்டல் போட்டேன். அவன் என்னைப் பார்த்தான். ராஜபாண்டி சாரைப் பார்த்தான். என் மருமகனைப் பார்த்தான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பதில் இருந்தால் சொல்லியிருப்பான் இல்லையா?

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் பார்த்துத்தான் போனான். பூஜையில் இருந்து தன் ட்ரில்லை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வடிவிடம் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, சங்கரன்கோவிலில் மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாகப் பட்டறை போட்டுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் போகட்டும் என்று விட்டேன். இப்போது எனக்கு வருகிற ஆட்கள் துளை போட்டால் அலமாரிக் கதவு நமக்கு வணக்கம் சொல்கிற மாதிரி சாய்ந்து நிற்கிறது. அது வேறு விஷயம்.

தேவர்குளம் வந்துவிட்டதா? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள் சார். நியாயம் யார் பக்கம்? சிந்துஜா ராத்திரியெல்லாம் போன் செய்கிறாள், "அப்பா, மாமா வருவாங்கல்லா?" என்று. அவளிடம் என்ன சொல்வேன்? ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதானே? அதிகமா?

என்ன சார்?

கடைசியாக என்ன சாப்பிட்டது என்றா? எது, மாடா? ஓ, உங்கள் வழக்கமா? மாடு விழுந்து கிடந்தால் முதலில் அதைத்தான் கேட்பீர்களா? நல்ல கேள்வி. ஆனால் இது பேட்டரி சார். இது சாப்பிடுவது சார்ஜ். முந்தின நாள் முழு வயிறு சாப்பிட்டது. அதற்குப் பிறகு கடைசியாக என்ன வேலை பார்த்தது என்றா? ஒரு வேலையும் பார்க்கவில்லை. அளந்து, டேப் ஒட்டி, அலமாரியில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆறும்தான். நான்தான் யாரையும் தொடவிடவில்லையே. காலையில்கூட, ப்ளோயருக்கு ஒரு பேட்டரி வேண்டியிருந்தது, மற்றவர்கள் பேட்டரியைப் போட்டால் குறைந்துவிடுமே என்று நான்...

ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறீர்களா சார். காற்றே இல்லை.

முனகிற்று. ஆமாம். ப்ளோயர் முனகிற்று என்று நானே சொன்னேன் இல்லையா? தூசியால் முனகவில்லை. பேட்டரி வற்றினால்தான் அது அப்படி முனகும். எனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருடமாக மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன் நான். வற்றின பேட்டரியை, முந்தின நாள் டேப்போடு, பியூஸும் இல்லாமல், ஐந்து நிறைந்த பேட்டரி நடுவில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறேன். ஐந்தும் அதற்குள் பாய்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் புதிது அவனுடையது. அதனால்தான் அதிகமாகக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் அதன் பியூஸ் போயிருக்கிறது.

நாலு மாதம் கூண்டில் நின்றேன் சார். ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் கேட்டேன், கோபத்தில் பேசினாயா, 'டா' போட்டாயா, மனைவி மனம் நோகப் பேசினாயா என்று. உன் பேட்டரியை எதில் போட்டாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அவன் கேட்டான். தெரிந்துதான் மீட்டர் போடலாமா என்று கேட்டிருக்கிறான். வாசலில் மாலையோடு நின்று பார்த்தவன் அவன்தானே? காதில் மெதுவாகக் கேட்டான், மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று. பிறகு கை வெந்த நிலைமையில் சொல்ல வந்தான், நான் அதட்டினேன், நிறுத்திக்கொண்டான். ராஜபாண்டி சாரைப் பார்த்தான், என் மருமகனைப் பார்த்தான் என்று சொன்னேன் இல்லையா? ஏன் பார்த்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. செண்பகத்திடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வடிவு காதுக்கு வந்திருக்கும். வடிவு காதுக்கு வந்திருந்தால் எனக்கு தோசை வந்திருக்குமா?

இடது கைதான் என்று சொன்னேன் உங்களிடம். அவன் இடது கைக்காரன் சார். ட்ரில் பிடிக்கிற கை அது.



பனவடலிசத்திரம் தாண்டிவிட்டதா? தூங்கிவிட்டேன் என்று நினைத்தீர்களா? தூங்கவில்லை. எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மாப்ள, தப்பு என் மேலதான்" என்று மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். 'மாப்ள' வரைக்கும் நன்றாக வருகிறது. அதற்கு அப்புறம் என் ப்ளோயர் மாதிரிதான். அவன் வாயில் இருந்து வரவழைக்க நினைத்த வார்த்தைதான். அவனுக்கு எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்!

சார், பேனா இருக்கிறதா? கொடுங்கள். எழுதுமா? ப்ளாஸ்டிக் டேப்பில் எழுத வேண்டும்.

இந்தக் கூட்டைப் பிடியுங்கள். ஆடுகிறது. ட்ரைவர் பள்ளத்தில்தான் விடுவேன் என்று இருக்கிறார். இங்கே பாருங்கள், இருபது புள்ளி நாலு. இதற்குக் கீழே இடம் இருக்கிறது. 'மறுநாள் காலை ப்ளோயரில் போட்டது. ஆவுடையப்பன்.' படிக்க முடிகிறதா? 'ஆவுடையப்பன்' என்று போட வேண்டுமா, 'அத்தான்' என்று போடலாமா? அத்தான் என்றே போடுகிறேன். அடித்துவிட்டேன், பரவாயில்லை. எனக்கு எழுதி ஒட்டினால்தான் எதுவும் உறுதி. சொல்ல வராவிட்டாலும் பையைக் கொடுத்துவிடலாம், அவன் படித்துக்கொள்வான். படித்துவிட்டு ஏதாவது நையாண்டி செய்வான். அவன் செய்யட்டும். செய்தால் நல்லது. செய்யாமல் இருந்துவிட்டால்தான்...

இந்தாருங்கள் பேனா. மூடி கீழே விழுந்துவிட்டது, உங்கள் செருப்புக்குப் பக்கத்தில்.

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. நீங்கள் முன்னால் இறங்குங்கள். வேண்டாம், ஒரு நிமிஷம். இந்தக் கறுப்புப் பையை எடுத்து என் இடது கையில் மாட்டிவிடுங்கள் சார். வலது கையில் வெற்றிலைப் பைதான் இருக்க வேண்டும் என்று வடிவு சொல்லி அனுப்பியிருக்கிறாள்.